எண்ணெய் பார்க்க ஓர் ஆள்

2012-ஆம் ஆண்டு. தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதே ஊர்ப்பேச்சாக இருந்த காலம். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் நாளுக்குப் 10 மணி நேரத்துக்கும் மேல். ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, செல்போன் கடை என்று வாசலுக்கு வாசல் பெட்டி அளவில் ஒரு ஜெனரேட்டர் படபடத்துக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்தால் வெளிச்சம். அவ்வளவுதான் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

மெக்கானிக்குகளுக்கு அலுத்துப்போன காட்சி ஒன்று உண்டு. கடைப் பையன் பத்து முறை கயிற்றை இழுத்துப் பார்ப்பான். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, இன்ஜின் உடம்பில் தொடவைத்து மறுபடி இழுப்பான். பொறி வராது. போன் போகும்.

“அண்ணே, பிளக்ல கரண்டே வரல.”

“ஆயில் பாத்தியா தம்பி?”

“பெட்ரோல் ஃபுல்லா இருக்குண்ணே.”

“பெட்ரோலக் கேக்கல. ஆயில்.”

மூடியைத் திறந்து பார்த்தால் அளவுக்குச்சியின் நுனியில்கூட ஈரம் இருக்காது. அரை பாட்டில் ஆயில் ஊற்றி இழுத்தால் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். காயில் போய்விட்டது, மேக்னெட்டோ போய்விட்டது என்று பயந்தவருக்குச் செலவு ஆயில் விலையோடு முடிந்துவிடும்.

பிளக்குக்குப் போகும் பொறியை நிறுத்தியது இன்ஜினுக்குள்ளே எண்ணெயில் மிதக்கும் ஒரு சின்ன மிதவை. எண்ணெய் இறங்க, அதுவும் இறங்கியது. இறங்கியதும் இன்ஜினின் தீயை அணைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள்.

எண்ணெய் பார்ப்பது ஒரு தொழிலாக இருந்தது. நீராவிக் கப்பல்களில் இன்ஜின் அறைக்கென்றே எண்ணெய்க்காரர்கள் உண்டு. பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்த இந்திய மாலுமிகளிடையே எண்ணெய்க்காரருக்கு ‘தேல்வாலா’ என்று பெயர். நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்குச் சுற்றும் கிராங்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது பாதி வேலைதான். சுற்றி வரும் தண்டின் முட்டு கைக்கு எட்டும் அந்தக் கணத்தில் தொட்டுப் பார்த்து, கையை இழுத்துக்கொள்வது மீதிப் பாதி. சூடு ஏறியிருந்தால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். ஒரு நொடி தவறினால் கை போய்விடும். அந்த உள்ளங்கைதான் அக்காலத்துச் சென்சார்.

ஊற்றிய எண்ணெயும் இன்றைய எண்ணெய் இல்லை. நீராவி சிலிண்டர்களுக்கு மாட்டுக்கொழுப்பை உருக்கி விட்டார்கள். இந்திய ரயில்வேக்கள் 19-ஆம் நூற்றாண்டில் பெரிதும் நம்பியது விளக்கெண்ணெயை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட நாட்டுக்கு அது ஒன்றும் புதிதல்ல. ‘காஸ்ட்ரால்’ என்று இன்று பெட்ரோல் பங்க்கில் கேட்டு வாங்கும் பெயரிலும் ஆமணக்குதான் ஒளிந்திருக்கிறது. சார்லஸ் வேக்ஃபீல்டு என்ற ஆங்கில வணிகர் 1909-இல் தம் எண்ணெய்க்கு அந்தப் பெயரை வைத்தபோது, அதில் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. ஆங்கிலத்தில் விளக்கெண்ணெய்க்குக் ‘காஸ்டர் ஆயில்’ என்று பெயர்.

ரயிலில் சங்கடம் வேறு மாதிரி. சிலிண்டருக்கு எண்ணெய் விட வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரம் போகிறது, நிறுத்தாவிட்டால் இன்ஜின் தேய்கிறது. இந்தச் சிக்கலில் வந்து மாட்டிக்கொண்டவர் எலைஜா மெக்காய். கெண்டக்கியில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பிப்போன பெற்றோருக்குப் பிறந்தவர். பதினைந்து வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் இயந்திரப் பொறியியல் பழகித் திரும்பினார். அமெரிக்காவில் கறுப்பருக்கு இன்ஜினியர் வேலை தர ஆள் இல்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கரி தள்ளும் வேலையும் எண்ணெய் விடும் வேலையும் கிடைத்தன.

படித்த இன்ஜினியரின் கையில் எண்ணெய்க் குவளையைக் கொடுத்ததன் பலன் 1872-இல் தெரிந்தது. ஓடும் இன்ஜினுக்குத் தானாகவே எண்ணெய் விடும் குவளை ஒன்றுக்கு மெக்காய் காப்புரிமை வாங்கினார். நீராவியின் அழுத்தமே எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். இப்படி யோசித்த முதல் ஆள் அவர் அல்ல. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860-இலேயே ஒரு வழி கண்டிருந்தார். ஆனால் மெக்காய் அதோடு விடவில்லை. 1929-இல் இறப்பதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் சேர்ந்தன. பெரும்பாலானவை எண்ணெய் விடுவது பற்றியவை. இடுப்பு ஒடியக் குனிந்து எண்ணெய் ஊற்றியவருக்குத்தான் அந்த வேலையை இரும்பின் தலையில் கட்டத் தோன்றியிருக்கிறது.

எண்ணெய் விட்டால் இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் ஓடுகிறது என்பது 1880-கள் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கம் அதைக் கண்டறியும் பொறுப்பைப் போஷாம்ப் டவர் என்பவரிடம் கொடுத்தது. ரயில் அச்சின் பேரிங் ஒன்றை எண்ணெய்த் தொட்டியில் நனையும்படி வைத்து, பாரம் ஏற்றிச் சுற்றவிட்டார் டவர். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டார். எண்ணெய் உள்ளே போகும் என்று போட்ட துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. கடைசியில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால், பேரிங்கின் மேல் ஏற்றியிருந்த சராசரி அழுத்தத்தைவிட இரு மடங்கு காட்டியது.

அச்சு சுழலும்போது தானே எண்ணெயை இழுத்துத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவே செருகிக்கொள்கிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அச்சு மிதந்து சுற்றுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1883-இல் டவர் வெளியிட்ட முடிவுகள் சொன்னது இதுதான். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் படலம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இன்றைய ஜெனரேட்டர் இன்ஜினின் உயிரும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது இன்ஜின் சிறுத்துப் பண்ணைக்கு வந்தது. அமெரிக்க விவசாயிகள் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் வாங்கிய ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்களின் தலையில் ஒரு கண்ணாடிக் குவளை உட்கார்ந்திருக்கும். உள்ளே எண்ணெய். கீழே சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கம்பெனி சொல்லியிருக்கும். திருகைத் திருப்பி அதற்கு வைக்க வேண்டும். விழுந்த எண்ணெய் வேலை முடிந்ததும் தரையில் ஒழுகிப் போகும். குவளை காலியானால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பார்க்கும் கண் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிறகு வந்தது மூடிய இன்ஜின். அடிவயிற்றில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி மூடிவிடுவது. கனெக்டிங் ராடின் கீழ் முனையில் கரண்டி போல ஒரு துண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கரண்டி எண்ணெயில் அடித்து நாலாபக்கமும் வாரி இறைக்கும். பம்ப் கிடையாது, குழாய் கிடையாது. மலிவு. அதே எண்ணெய் திரும்பத் திரும்பப் பயன்படும். ஒரே குறை, எண்ணெய் இப்போது இருட்டுக்குள் போய்விட்டது. எவ்வளவு இருக்கிறது என்று வெளியே இருந்து தெரியாது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இந்தக் குறைக்கு ஃபோர்டு கண்ட வழி, அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்கள். ஓட்டுபவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல் குழாயைத் திறக்க வேண்டும். எண்ணெய் வந்தால் தேவைக்கு மேல் இருக்கிறது. வராவிட்டால் கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். அதில் வந்தால் பரவாயில்லை. இரண்டிலும் வராவிட்டால் இவ்வளவு நேரம் இன்ஜின் ஓடியதே அதிர்ஷ்டம். எண்ணெய் பார்ப்பதற்குச் சேற்றில் படுக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பிற்பாடு வந்த அளவுக்குச்சி முதுகைக் காப்பாற்றியது. பார்க்கும் பொறுப்பை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் தலையில் விழுந்தது. மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி, 1953-இல் அலுமினிய வார்ப்பில் எடை குறைந்த இன்ஜினைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகரில் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்கள் புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கிக் குவித்தன. ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் கணக்கருக்கு எண்ணெய்க்காரரின் உள்ளங்கை எங்கிருந்து வரும்?

ஜப்பானில் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. போரில் தோற்ற ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த குட்டி ஜெனரேட்டர் இன்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சோய்ச்சிரோ ஹோண்டா 1946-இல் அவற்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவைதான் அந்த முதல் வண்டிக்குப் பெட்ரோல் டேங்க். ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய இன்ஜினில் பிறந்த அந்தக் கம்பெனி, 1953-இல் பொதுப்பயன் இன்ஜினும், 1965-இல் கையில் தூக்கிப்போகும் இ300 ஜெனரேட்டரும் செய்தது. 1983-இல் ஜிஎக்ஸ் இன்ஜின் வரிசை வந்தது. இந்தியாவில் 1985-இல் ஸ்ரீராம் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து ருத்ராபூரில் ஆலை வைத்தது. நம் ஊர்க் கடைவாசல்களுக்கு ஹோண்டாவின் சிவப்பு ஜெனரேட்டர்கள் வந்த வழி அது.

வாடகைத் தொழிலும் கூடவே வளர்ந்தது. கல்யாணத்துக்கு, கட்டட வேலைக்கு, கோயில் கொடைக்கு என்று இன்ஜின் கை மாறிக்கொண்டே இருக்கும். எடுத்துப்போகிறவர் தமக்குச் சொந்தமில்லாத பொருளின் குச்சியை உருவிப் பார்ப்பாரா? கொடுக்கிறவர் அவசரத்தில் பார்த்தாரா? 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவின் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ஊர் ஊராகப் போன ஜெனரேட்டர்களை யார் யாரோ ஓட்டினார்கள். எண்ணெய் பார்க்க ஆள் இல்லாத இந்த இடத்துக்காகத்தான் மிதவை பிறந்தது.

எண்ணெய் இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஜிஎக்ஸ்160 போன்ற இன்ஜினுக்குள் இருப்பது 0.6 லிட்டருக்கும் குறைவு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக அது நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அதாவது அந்தக் கரண்டி ஒரு நொடிக்கு 50 முறை எண்ணெயில் அடிக்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் குடிக்கும். மட்டம் ஒரு விரல் இறங்கினாலே கரண்டி எண்ணெய்க்கு எட்டாமல் காற்றில் சுழலத் தொடங்கிவிடும். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே படலம் அறுந்து, அலுமினிய ராட் எஃகுக் கிராங்கை நேராக உரசுகிறது. சூட்டில் அலுமினியம் இளகி எஃகின் மேல் அப்பிக்கொள்கிறது. அடுத்து ஒரு ‘கடக்’. மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். சில சமயம் உடைந்த ராட் இன்ஜினின் பக்கச்சுவரைக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த ஓட்டைக்கு வெல்டிங் கிடையாது, காயலான் கடைதான்.

காரில் எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதையே இதிலும் வைத்தால் என்ன? முடியாது. காரில் எண்ணெயை பம்ப் ஒன்று அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் விழுந்தால் விளக்கு எரியும். கரண்டியால் வாரி இறைக்கும் இன்ஜினில் அழுத்தம் என்று ஒன்றே இல்லை. அளக்கக் கிடைப்பது மட்டம் மட்டும்தான். அதையும் பெட்ரோல் ஆவியும் சூடும் அதிர்வும் நிறைந்த இடத்தில், தீப்பொறி வெளியே தெறிக்காமல் அளக்க வேண்டும்.

அதற்கான விடை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் ரீட் சுவிட்சைக் கண்டுபிடித்திருந்தார். காற்றுப் புகாத கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். பக்கத்தில் காந்தம் வந்தால் ஒன்றையொன்று தொடும். காந்தம் விலகினால் பிரியும். தூசி, ஈரம், எண்ணெய் எதுவும் உள்ளே போகாது. தொலைபேசி இணைப்புகளை மாற்றப் பிறந்த அந்தக் குழலை இன்ஜினுக்குள் நிறுத்தி, அதைச் சுற்றிக் காந்தம் பதித்த மிதவை ஒன்றை ஏறி இறங்க விட்டால் சென்சார் தயார்.

மற்றதெல்லாம் ஒரு வயரின் வேலை. மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், நாக்குகள் ஒட்டும், காயிலில் பிறக்கும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இன்ஜின் உடம்பிலேயே எர்த் ஆகிவிடும். இன்ஜினை நிறுத்த நாம் திருப்பும் சுவிட்சும் இதையேதான் செய்கிறது. ஹோண்டா இதற்கு ‘ஆயில் அலர்ட்’ என்றும், பிரிக்ஸ் ‘ஆயில் கார்ட்’ என்றும் பெயர் வைத்தன. எண்ணெய் இல்லாமல் பெட்டியில் வரும் புது இன்ஜினை அவசரக்காரர் அப்படியே இழுத்து, முதல் நாளே கொன்றுவிடாமல் காப்பதும் இதுதான்.

ஆனால் தேல்வாலாவின் கைக்குத் தெரிந்ததில் இந்த மிதவைக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. எண்ணெய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. இன்ஜினைச் சரிவான இடத்தில் வைத்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். போதிய எண்ணெய் இருந்தும் இன்ஜின் நின்றுவிடும். மிதவை பழைய எண்ணெயின் கசடில் ஒட்டிக்கொண்டால், எண்ணெய் வற்றினாலும் அது வாயைத் திறக்காது. காரணம் தெரியாமல் அடிக்கடி நின்றுபோகும் ஜெனரேட்டருக்குப் பட்டறையில் ஒரு குறுக்குவழி உண்டு. சென்சாரிலிருந்து வரும் மஞ்சள் வயரைக் கழற்றி, டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். அதன் பிறகு இன்ஜின் நிற்காது. நிற்கிற அன்றைக்கு ஒரேயடியாக நிற்கும்.

எண்ணெய் கெட்டுப்போனதும் மிதவைக்குத் தெரியாது. முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றச் சொல்கிறது ஜிஎக்ஸ் கையேடு. நாளுக்குப் 10 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் பத்தே நாளில் எண்ணெய் மாற்ற வேண்டும். தார் போலக் கறுத்த எண்ணெயிலும் மிதவை நன்றாகவே மிதக்கும்.

மண்ணெண்ணெய் கலந்தால் இன்னும் மோசம். 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் செலவழித்தார்கள். கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு இன்ஜினை எழுப்பி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓட்டுவது அங்கே எல்லோருக்கும் கைவந்த வித்தை. மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது, தோட்டத்துக்கு இறைக்கிற மெசினும் அப்படித்தான் ஓடியது. இந்தியாவிலும் பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் ஜெனரேட்டர்கள் நிறைய விற்றன. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், டவர் கண்ட படலத்துக்குத் தெம்பு இருக்காது. மட்டமோ குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். சென்சார் கணக்குப்படி இன்ஜின் சௌக்கியமாக இருக்கிறது.

மிதவையே தேவைப்படாத இன்ஜின்களும் உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவதால், பெட்ரோல் தீரும்போது ஆயிலும் சேர்ந்து தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும். விலை, நீலப் புகை. அந்தப் புகைக்குப் பயந்து உலகம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாற மாற, அடிவயிற்றில் ஆயிலும் அதைக் காக்க ஒரு மிதவையும் என்ற ஏற்பாடு ஊரெங்கும் பரவியது.

பட்டறைக்கு வந்து சேரும் ஜெனரேட்டரைப் பழைய மெக்கானிக் ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தால் ஒன்று தெரியும். கயிற்றை அவர் முதலில் தொடுவதில்லை. மூடியைத் திருகிக் குச்சியை வெளியே எடுக்கிறார். மட்டம் சரியாக இருக்கிறது. சென்சாரும் வயரும் அப்படியே இருக்கின்றன. அதோடு விடாமல் குச்சியின் நுனியில் இருக்கும் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறார். வழுவழுப்பு போதவில்லை. மூக்கருகே கொண்டுபோகிறார். மண்ணெண்ணெய் வாடை. “இத மொதல்ல வடிச்சு விடு தம்பி” என்று சொல்லிவிட்டு, வேஷ்டி ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொள்கிறார்.